பாலைவனப் புதர் விதைகள் எப்போது முளைக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதை முளைப்பு பற்றி நான் எங்கே பேசினாலும், முடித்துவிட்டுக் கீழே இறங்குவதற்குள் அதே ஏழெட்டுக் கேள்விகள் வந்துவிடும். பாலைவனம் என்று வாயெடுத்தால் இன்னும் கொஞ்சம் அதிகம். ஒவ்வொரு முறையும் பாதிப் பதிலோடு நின்றுபோவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிவைத்துப் பதிலும் எழுதியிருக்கிறேன். நடுவிலிருந்து படிக்கத் தொடங்கினால், "4ஆம் பதிலில் சொன்னது" என்று வரும் இடத்தில் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விளக்கம். சங்கப் பாடல்களில் வரும் பாலை, வறண்டுபோன முல்லையும் குறிஞ்சியும். இங்கே பேசுவது உண்மையான பாலைவனங்களை: வட அமெரிக்காவின் மொஹாவி, சொனோரன், கிரேட் பேசின், இஸ்ரேலின் நெகேவ், நடு ஆசியாவின் மணல்வெளிகள். இவற்றில் சில குளிர்காலத்தில் பனி மூடிக் கிடப்பவை. பாலைவனம் என்றால் வெயில் மட்டும்தான் என்ற எண்ணத்தை இப்போதே ஒதுக்கிவைத்துவிட்டால் மீதி எளிதாகப் புரியும்.

1. பாலைவனத்துல மழை பெஞ்சா விதை முளைக்கும். இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?

மழை பெய்ததும் முளைக்கிற விதை பாலைவனத்தில் பெரும்பாலும் சாகிற விதை. நடுக்கோடையில் 8 மில்லிமீட்டர் தூறல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்மண் இரண்டு நாள் ஈரமாக இருக்கும். மூன்றாம் நாள் மணலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தொடும். இரண்டு நாளில் முளைவேர் எவ்வளவு ஆழம் போய்விடும்? ஒரு விரல் நீளம்கூட இல்லை.

அதனால் விதை விடை காணவேண்டிய கேள்வி "தண்ணீர் வந்ததா?" என்பதல்ல. "இந்தத் தண்ணீருக்குப் பிறகு வேரை ஆழத்துக்கு இறக்க அவகாசம் இருக்கிறதா?" என்பதுதான். அந்த அவகாசம் எந்த மாதத்தில் கிடைக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். விதையின் பழக்கமும் அதோடு சேர்ந்து மாறுகிறது. இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றித்தான்.

2. விதை உறக்கம்னு சொல்றீங்க. டப்பாவுல கிடக்கிற பயறும் தூங்கிட்டுத்தானே இருக்கு?

இல்லை, அது காய்ந்து கிடக்கிறது, அவ்வளவே. ஒரு ராத்திரி ஊறவைத்தால் முளைத்துவிடும். தண்ணீர், காற்று, இதமான சூடு எல்லாம் கிடைத்தும் உயிருள்ள விதை முளைக்காமல் இருந்தால்தான் அது உறக்கம்.

உறக்கத்தில் வகைகள் உண்டு. தாவரவியலாளர்கள் ஐந்தாகப் பிரிக்கிறார்கள். நமக்கு இங்கே இரண்டு போதும். ஒன்று, விதையுறை தண்ணீரையே உள்ளே விடாது. அவரைக் குடும்பத்துப் பாலைவனப் புதர்களில் இது சகஜம். இன்னொன்று, தண்ணீர் உள்ளே போய் விதை உப்பியும் முளைக்கரு அசையாது. அங்கே இரண்டு ஹார்மோன்களுக்கு நடுவே இழுபறி. அப்சிசிக் அமிலம் "பொறு" என்கிறது, ஜிப்ரெல்லின் "கிளம்பு" என்கிறது. குளிர், வெப்பம், வெளிச்சம், காலம் எல்லாம் இந்த இழுபறியின் தராசைச் சாய்க்கும் எடைக்கற்கள்.

3. பாதி ஊறினப்போ மழை நின்னுட்டா விதை அவ்வளவுதானா?

இதைக் கேட்டவர் நல்ல கேள்வியைக் கேட்டார். ஊறுவதும் முளைப்பதும் வேறுவேறு. முளைவேர் உறையைக் கிழித்து வெளியே வரும்வரை பெரும்பாலான விதைகள் திரும்பக் காய்ந்தாலும் தாங்கும். சொல்லப்போனால் அப்படி ஊறிக் காய்ந்த விதை அடுத்த மழைக்கு இன்னும் வேகமாக முளைக்கும். ஏற்கெனவே முடித்த வேலையின் கணக்கு அழிவதில்லை. வேர் எட்டிப் பார்த்துவிட்டால்தான் திரும்பிப் போக வழியில்லை.

சீனாவின் ஓர்டோஸ் மணல்வெளியில் வளரும் ஆர்ட்டெமிசியா ஸ்ஃபீரோசெஃபாலா இதில் ஒரு படி மேலே. அதன் விதையைச் சுற்றிப் பசை மாதிரி ஒரு படலம் உண்டு. இரவில் விழும் பனித்துளியை அது பிடித்துவைத்துக்கொள்ளும். முளைக்க அந்த ஈரம் போதாது. ஆனால் காய்ந்து கிடந்த காலத்தில் விதைக்குள் சிதைந்த டிஎன்ஏவைப் பழுதுபார்த்துக்கொள்ளப் போதும். வண்டி கிளம்பாது, ஆனால் தினமும் ஒரு முறை இன்ஜினை ஓட்டிப் பார்த்து வைப்பது போல.

4. விதைக்குக் கண்ணு இல்ல, காலண்டர் இல்ல. என்ன மாசம்னு அதுக்கு எப்படித் தெரியும்?

மாதம் தெரியாது. தன் மேல் எவ்வளவு நேரம் என்ன நடந்தது என்பதை அது கூட்டிக்கொண்டே வரும். முக்கியமான கூட்டல் இரண்டு. ஈரமாக இருக்கும்போது பட்ட குளிர், அதாவது சுமார் 0 முதல் 5 டிகிரிக்குள் ஈர மண்ணில் கழிந்த நாட்கள், ஒரு கணக்கு. இதை ஈரக்குளிர் என்று வைத்துக்கொள்வோம், பின்னால் பலமுறை வரும். காய்ந்து கிடக்கும்போது பட்ட வெப்பம் இன்னொரு கணக்கு. கோடை முழுக்கச் சூட்டில் கிடந்த பிறகுதான் சில விதைகளின் உறக்கம் தளரும். அதனால் பழுத்து விழுந்த கையோடு வரும் கோடை மழை அவற்றை ஏமாற்றாது.

இவை தவிர வெளிச்சம் (மண்ணுக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம்?), பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் (மேலே பனி மூடியிருக்கிறதா, வெறும் மண்ணா?), மண்ணின் உப்பு என்று சின்னச் சின்னத் துப்புகள். எதுவும் தனியாக முடிவு செய்வதில்லை.

5. ஒரே இனச் செடிதானே. வேற வேற இடத்துல எடுத்த விதை வேற வேற மாதிரியா முளைக்கும்?

ஆமாம், நம்பவே முடியாத அளவுக்கு. எனக்கு இந்த விஷயத்தில் பைத்தியம் பிடித்ததே இதனால்தான்.

ராபிட்பிரஷ் என்று மேற்கு அமெரிக்காவில் ஒரு மஞ்சள் பூப் புதர். கனடாவின் தென்மேற்கிலிருந்து மெக்சிகோவின் வடக்கு வரை பரவியிருக்கிறது. அதன் விதைகளில் இரண்டு பொட்டலங்கள் என்னிடம் இருந்தன. ஒன்று, குளிர்காலத்தில் உறைபனியே அரிதான தாழ்ந்த பாலைவனத்தில் எடுத்தது. இன்னொன்று, மாதக்கணக்கில் பனி மூடும் மேட்டுநிலத்தில் எடுத்தது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது. இரண்டும் நுனியில் மயிர்க்குடை வைத்த பழுப்பு நூல் துண்டுகள். ஈரமான வடிதாள் போட்ட இரண்டு கண்ணாடித் தட்டுகளில் பரப்பி, 3 டிகிரியில் வைத்த குளிர்பெட்டிக்குள் அருகருகே வைத்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, முதல் தட்டில் வெள்ளை வெள்ளையாக முளைவேர்கள் தாளில் கொக்கி போட்டுவிட்டன. இரண்டாவது தட்டில் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம், நான்காம் வாரம், ஒன்றுமில்லை. ஆறாம் வாரம் தாளின் ஓரத்தில் பூஞ்சை கட்டியது. விதை செத்துவிட்டது என்று முடிவுகட்டி அதைக் குப்பையில் கொட்டினேன். தப்பு. 12ஆம் பதிலில் அந்தக் கதைக்கு வருகிறேன்.

இதை முறையாக அளந்தவர்கள் யூட்டா மாநிலம் ப்ரோவோவில் உள்ள அமெரிக்க வனத்துறையின் புதர் ஆய்வகத்தில் சூசன் மேயரும் அவரோடு பணிபுரிந்தவர்களும். 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும், ஒரே இனப் புதரின் விதைகளைப் பல இடங்களிலிருந்து சேர்த்து, உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் ஒவ்வொன்றும் முளைக்க எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். ராபிட்பிரஷில் சில நாட்களிலிருந்து மூன்று மாதத்துக்கு மேல் வரை விரிந்தது. அந்த நாட்கணக்கு, விதை எடுத்த இடத்தின் குளிர்கால வெப்பநிலையோடு ஒட்டிப் போனது. அதே மேற்கு அமெரிக்காவின் இன்னொரு புதரான சேஜ்பிரஷின் மலைப் பகுதி வகையிலும் இதே போக்குதான்.

6. குளிர் ஜாஸ்தியான இடத்து விதைதானே குளிர்ல வேகமா முளைக்கணும்? நீங்க தலைகீழா சொல்றீங்களே.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. நானும் விழுந்தேன். மேட்டுநிலத்து விதையின் பக்கத்திலிருந்து யோசித்தால் நேராகிவிடும்.

சேஜ்பிரஷ், ராபிட்பிரஷ் விதைகள் இலையுதிர்காலத்தின் கடைசியில் விழுகின்றன. அப்போது மண்ணில் ஈரம் இருக்கும், கொஞ்சம் சூடும் இருக்கும். முளைக்க வசதியாகத்தான் இருக்கும், ஆனால் முளைத்தால் அடுத்த மாதம் வரும் உறைபனி கொன்றுவிடும். அதனால் இலையுதிர்காலத்து இதமான சூட்டில் முளைக்காமல் இருக்க உறக்கம் வேண்டும். பிறகு பனி மூடுகிறது. பனிக்கு அடியில் மண் ஈரமாக, 0 டிகிரியை ஒட்டி, மூன்று நான்கு மாதம் அசையாமல் கிடக்கும். அந்தக் குளிரில் விதை மெல்ல மெல்ல வேலையை நகர்த்துகிறது. பனி உருகி முடிகிற நேரமும் விதை தயாராகிற நேரமும் ஒன்றாக வந்து சேர வேண்டும். வேகமாக முளைக்கிற விதையாக இருந்தால் நடுக்குளிர்காலத்திலேயே வேர்விட்டு, பனிக்கு அடியில் வெளிச்சமில்லாமல் அழுகியிருக்கும்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவு. 20 டிகிரியில் 2 நாளில் முளைக்கும் விதை, வெப்பம் குறையும் அளவுக்கு வேகமும் குறையும் என்று வைத்தால், 2 டிகிரியில் 20 நாளில் முளைக்க வேண்டும். கடும் பனி இடத்து விதை 100 நாள் எடுக்கிறது என்றால், மீதி 80 நாள் குளிரால் வந்த சுணக்கம் இல்லை. அது அந்த இடத்தின் குளிர்காலத்துக்காக விதை தானே வைத்திருக்கும் காத்திருப்பு.

தாழ்ந்த பாலைவனத்தில் கதை வேறு. அங்கே குளிர்கால மழைதான் ஒரே வாய்ப்பு. மண் ஈரம் சில நாளே தாங்கும். அங்கே மெல்ல முளைக்கிற விதை எல்லா வருடமும் பஸ்ஸைத் தவறவிடும். ஆகவே குளிரில் வேகம்.

7. பனிக்கு அடியில கிடந்தா உறைஞ்சு செத்துடாதா?

ஆழமான பனி ஒரு கம்பளி. மேலே காற்று மைனஸ் 20 டிகிரியில் இருந்தாலும், அரை மீட்டர் பனிக்கு அடியில் மண் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். பனி மெல்லியதாக இருக்கும் இடங்களில்தான் ஆபத்து அதிகம். மண் உறைந்து உறைந்து இளகும்போது முளைகளை வேரோடு மேலே தள்ளிவிடும்.

8. அப்போ பனியே விழாத பாலைவனத்துல விதை எதை நம்பி இருக்கு?

இடத்துக்கு ஒன்று. மொஹாவியில் மழையின் அளவும் அதன் காலமும் முக்கியம். ஜானிஸ் பீட்லி என்ற தாவரவியலாளர் நெவாடா அணுகுண்டுச் சோதனைத் தளத்தில் (ஆமாம், அங்கேதான்) பல ஆண்டுகள் செடிகளைக் கவனித்து 1974இல் எழுதினார். செப்டம்பர் கடைசிக்கும் டிசம்பர் தொடக்கத்துக்கும் இடையில் 25 மில்லிமீட்டர் அளவில் ஒரு நல்ல மழை பெய்தால்தான் அந்த நிலமே விழிக்கிறது என்று கண்டார்.

அதே பகுதியின் கிரியோசோட் புதருக்குக் குளிர்கால மழை பிடிக்காது. மண் சூடாக இருக்கும்போது, கோடையின் பிற்பகுதியில் வரும் நல்ல மழையில்தான் அதன் விதைகள் பெரும்பாலும் முளைக்கின்றன. ஒரே நிலம், ஒரே வானம், இரண்டு செடிகளுக்கு இரண்டு பருவங்கள்.

ஏட்ரிப்ளெக்ஸ் என்ற உப்புப் புதர்களிடம் ஒரு மழைமானியே இருக்கிறது. அவற்றின் பழத்தைச் சுற்றியுள்ள செதில்களில் உப்பும் முளைப்பைத் தடுக்கும் வேறு பொருட்களும் உண்டு. சிறு தூறல் அவற்றை ஈரமாக்கும், கழுவாது. நீண்ட மழைதான் கழுவும். கழுவும் அளவுக்குப் பெய்த மழை மண்ணுக்குள்ளும் ஆழமாக இறங்கியிருக்கும். இனி ஸ்மோக் ட்ரீ. இது மழையில்லாத நாளெல்லாம் வறண்டு கிடக்கும் காட்டாற்றுப் படுகைகளில் வளர்வது. விதையுறை அவ்வளவு கெட்டி. வெள்ளம் வந்து கல்லோடும் மணலோடும் உருட்டித் தேய்த்தால்தான் தண்ணீர் உள்ளே போகும். வெள்ளமே வந்துவிட்ட பிறகு தண்ணீருக்குப் பஞ்சமா?

9. சாக்ஸால் விதை சில மணி நேரத்துலயே முளைக்குமாமே. அதுக்கு உறக்கமே கிடையாதா?

நடு ஆசியாவின் பாலைவனப் புதர் சாக்ஸால், தாவரப் பெயரில் ஹாலாக்ஸிலான். அதற்கு உறக்கம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. விதைக்குள் முளைக்கரு ஏற்கெனவே முழுதாகவே உருவாகி, சுருள் மாதிரி சுற்றிக்கொண்டு கிடக்கிறது. ஈரம் பட்டதும் சுருள் விரியும். இதமான வெப்பத்தில் அதற்குச் சில மணி நேரம் போதும். வளர்ச்சி என்பதைவிட அவிழ்தல் என்று சொல்லலாம்.

இது 6ஆம் பதிலுக்கு முரண் மாதிரி தெரியும். சாக்ஸால் காய்கள் இலையுதிர்காலத்தின் கடைசியில் பழுக்கின்றன. அதற்குள் அங்கே உறைகுளிர் வந்துவிடும், ஈரமும் கிடையாது. காத்திருக்கும் வேலையைக் கடும் குளிரும் வறட்சியும் பார்த்துக்கொள்கின்றன. வசந்தத்தில் பனி உருகி மணல் ஈரமாக இருப்பது கொஞ்ச நாள்தான். அங்கே வேகமே வெற்றி. விலையும் உண்டு. ஓராண்டுக்குள் அந்த விதைகள் உயிரிழந்துவிடும். வறண்டுபோன ஏரல் கடலின் படுகையில் உஸ்பெகிஸ்தானும் கஜகஸ்தானும் சாக்ஸாலைப் பெரும் பரப்பில் விதைத்து வருகின்றன. அந்த வேலையில் பழைய கையிருப்பு உதவாது, அந்தந்த வருடத்து விதைதான் வேண்டும்.

10. எல்லா விதையும் ஒரே தடவையில முளைச்சு, அந்த வருஷம் மழை ஏமாத்திட்டா வம்சமே போயிடுமே?

ஒரே பருவத்தில் முளைத்து, விதை போட்டு மடிந்துவிடும் ஒருபருவச் செடிகளுக்கு இது உண்மையான பயம். எருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேன் கோஹன் 1966இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். நல்ல வருடமா கெட்ட வருடமா என்று முன்கூட்டித் தெரியாதபோது, எல்லாப் பணத்தையும் ஒரே குதிரையில் கட்டாமல் ஒரு பங்கு விதையை மண்ணிலேயே நிறுத்திவைப்பதுதான் நீண்டகாலத்தில் லாபம். அரிசோனாவின் டூசான் பாலைவன ஆய்வகத்தில் லாரன்ஸ் வெனபிள் 1982 முதல் ஒருபருவச் செடிகளை ஆண்டுதோறும் எண்ணிவந்து, இது நிஜத்திலும் நடப்பதைக் காட்டினார்.

ஆனால் புதர்களுக்கு அந்தச் சேமிப்பு அவ்வளவு தேவையில்லை. ஏன் என்று யோசியுங்கள். சேஜ்பிரஷ் பல பத்தாண்டுகள் வாழும், சில செடிகள் நூறு ஆண்டையும் தாண்டும். மொஹாவியில் வட்டமாகப் படர்ந்திருக்கும் ஒரு கிரியோசோட் புதர்க்கூட்டத்தின் வயது சுமார் 11,700 ஆண்டு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தாய்ச்செடியே வங்கி. இந்த வருடம் போட்ட விதை அத்தனையும் வீணானாலும் அடுத்த வருடம் மறுபடி போடும். அதனால்தான் சேஜ்பிரஷ் விதைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்கு மேல் மண்ணில் உயிரோடு இருப்பதில்லை. அந்த விதை எவ்வளவு பொடி என்றால் ஒரு கிலோவில் ஏறத்தாழ 40 லட்சம் இருக்கும். இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு, அதை 13ஆம் பதிலில் பாருங்கள்.

11. பாலைவன விதை ரெண்டாயிரம் வருஷம் கழிச்சும் முளைச்சதுன்னு படிச்சேனே?

முளைத்தது. இஸ்ரேலின் மசாடா கோட்டையில் தோண்டியெடுத்த, சுமார் 2,000 ஆண்டு பழைய பேரீச்சை விதை 2005இல் முளைத்தது. ஆனால் அது புதர் இல்லை. உலர்ந்த கட்டடத்துக்குள், ஈரமே படாமல் கிடந்த பெரிய கெட்டி விதை. ஆண்டுதோறும் நனைந்து காயும் மேல்மண்ணில் கிடக்கும் 0.25 மில்லிகிராம் விதையோடு அதை ஒப்பிட முடியாது.

12. பத்து நாள்ல முளைக்கலன்னா விதை செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடலாமா?

நான் போட்டேன் என்று 5ஆம் பதிலில் சொன்னேனே, அதைச் செய்யாதீர்கள். முதலில் ஊறிய விதையை இடுக்கியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். செத்த விதை நசுங்கிச் சாறு விடும், அல்லது உள்ளே காலியாக இருக்கும். உயிருள்ளது கெட்டியாக எதிர்த்து நிற்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் டெட்ரசோலியம் சோதனை. விதையைக் கீறி அந்தக் கரைசலில் போட்டால், உயிருள்ள முளைக்கரு சிவப்பாக மாறும், செத்தது நிறமின்றி இருக்கும்.

பூஞ்சையைக் கண்டு பயப்பட வேண்டாம். செத்த விதையில் சீக்கிரம் வரும் என்பது உண்மை. ஆனால் உதிர்ந்த சருகுத் துணுக்கு, மயிர்க்குடை, தாளின் ஓரம் என எதில் வேண்டுமானாலும் வரும். என் தட்டில் வந்தது அப்படிப்பட்டதுதான். பொட்டலத்தில் மீதி இருந்த விதைகளை அடுத்த முறை சுத்தம் செய்து, தாளை வாரம் ஒருமுறை மாற்றி, பொறுமையாக விட்டேன். பதினான்காம் வாரம் ஒரே வாரத்துக்குள் பாதிக்கு மேல் முளைத்தன. அத்தனை நாள் ஒன்றுமே நடக்காத தட்டு, ஐந்தாறு நாளில் நிறைந்துவிட்டது. அது எனக்குப் புதிதாக இருந்தது. மெதுவான விதை ஆங்காங்கே ஒவ்வொன்றாக முளைக்கும் என்று நினைத்திருந்தேன். நீண்ட ஈரக்குளிர், எல்லா விதைகளையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

13. தீயில அழிஞ்ச இடத்துல திரும்ப விதைக்கணும். அதே இனமா இருந்தா எங்க கிடைச்ச விதையும் போதும்தானே?

போதாது. சேஜ்பிரஷ் நிலங்களில் இதைத் தெரிந்துகொள்ளக் கொடுத்த விலை அதிகம். பெரிய சேஜ்பிரஷ் என்ற இனம் தீயில் எரிந்தால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்காது. 10ஆம் பதிலில் சொன்ன வங்கியே எரிந்துபோனது என்று அர்த்தம். மண்ணிலும் சேமிப்பு இல்லை. ஆகவே மனிதர்கள்தான் விதைக்க வேண்டும், பெரும்பாலும் குளிர்காலத்தில், பல இடங்களில் விமானத்திலிருந்து, பனியின் மேலேயே தூவுகிறார்கள். அப்போது தாழ்ந்த, மிதமான குளிருள்ள இடத்து விதையைக் கடும் பனி மேட்டில் போட்டால் அது சீக்கிரமே முளைத்து மாட்டிக்கொள்ளும். மேட்டு விதையைத் தாழ்வில் போட்டால் ஈரக்குளிர்க் கணக்கு நிறைவதற்குள் மண் காய்ந்துவிடும். விதைப் பையில் எழுதியிருக்கும் இனப்பெயர் ஒன்றாக இருக்கலாம். ஆனால் எடுத்த இடத்தின் குளிர்காலம் எழுதியிருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

இதில் ஒரு போட்டியாளியும் உண்டு. யூரேசியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த சீட்கிராஸ் என்ற புல். அது இலையுதிர்கால மழையிலேயே முளைத்து, குளிர்காலம் முழுக்க வேரை இறக்கிவிடும். வசந்தத்தில் புதர் முளை எழும்போது மேல்மண் ஈரத்தைப் பாதி உறிஞ்சி முடித்திருக்கும். பிறகு கோடையில் காய்ந்து மறுபடி தீயைக் கூப்பிடும். புதர் விதையின் பொறுமை, இந்தப் புல் இல்லாத காலத்தில் உருவான பொறுமை.

14. இந்தக் குணம் பரம்பரையா வருதா, இல்ல தாய்ச்செடி அந்த வருஷம் பட்ட வெயில் குளிரா?

இரண்டும். சண்டை போடுபவர்கள் பெரும்பாலும் ஒன்றை மட்டும் பார்க்கிறார்கள். பிரித்துப் பார்க்கும் வழி, பல இடத்துச் செடிகளை ஒரே தோட்டத்தில் வளர்த்து அங்கே விளைந்த விதையைச் சோதிப்பது. ஒரே மண், ஒரே வானிலையில் விளைந்த பிறகும் மூல இடத்தின் வித்தியாசம் தொடர்ந்தால், அது பரம்பரை. சேஜ்பிரஷிலும் ராபிட்பிரஷிலும் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி தொடர்கிறது. அராபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச்செடியில் உறக்கத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் டாக்1 என்ற மரபணுவையே அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

அதற்கு மேல் அந்தந்த வருடத்தின் கைவரிசை. விதை முற்றும் வாரங்களில் சூடாக இருந்தால் பொதுவாக உறக்கம் குறையும், குளிர்ச்சியாக இருந்தால் கூடும். அதனால் ஒரே புதரில் இரண்டு வருடம் எடுத்த விதைகள்கூட அச்சு அசலாக ஒத்துப்போகாது. இதில் எத்தனை பங்கு எது என்று ஒரே எண்ணாகக் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அது இனத்துக்கு இனம் மாறும்.

15. பனி குறைஞ்சுட்டே வருதே. நூறு நாள் காத்திருக்கப் பழகின விதை இனி என்ன பண்ணும்?

பனி சீக்கிரம் உருகினால், 6ஆம் பதிலின் கணக்கு நிறைவதற்கு முன்பே மேல்மண் காயத் தொடங்கும். சில விதைகள் பாதிக் கணக்கோடு அந்த வருடத்தைக் கடந்துபோகும், சில காலம் தாழ்ந்து முளைக்கும். பனிக் கம்பளி மெலிந்தால் 7ஆம் பதிலில் சொன்ன உறைந்து இளகும் ஆபத்தும் கூடும். இன்னொரு பக்கம், ஓர் இடத்து விதைக்குள்ளேயே வேகமானவையும் மெதுவானவையும் கலந்திருக்கும். வேகமானவை பிழைத்தால் சில தலைமுறையில் சராசரி நகரும். ஆனால் புதரின் ஒரு தலைமுறை என்பது நீண்டது. பனி குறையும் வேகத்தோடு அது ஓட முடியுமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

அதனால் சில விதைப்புகளில் உள்ளூர் விதையோடு, கொஞ்சம் வெப்பமான இடத்து விதையையும் கலந்து போடும் யோசனை எழுந்திருக்கிறது. உள்ளூர் விதையே புனிதம் என்பவர்கள் இதை எதிர்க்கிறார்கள். கலப்பதாக இருந்தால் பாதிக்கும் குறைவாகவே கலப்பேன், எந்தப் பையிலிருந்து எவ்வளவு, அந்தப் பை எந்த உயரத்தில், எந்த மாதம் எடுத்தது என்று எழுதியும் வைப்பேன். பதினான்கு வாரம் கழித்து யாராவது வந்து, தூவிய விதையெல்லாம் செத்துவிட்டது என்று சொல்லும்போது அந்தக் குறிப்பு தேவைப்படும்.